மேனேஜர் அறையிலிருந்து வராத பதில்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவர் பெரியவர் செங்குட்டுவன் அவர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மா சிலுவையம்மாள் அவர்களே, காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் அழுக்குச் சட்டையோடு வந்து நிற்கும் என் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் மஜீது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். பெயரை எழுதிவிட்டீர்களா? மேலே போகலாம்.

மண்டப வாசலில் ஒரு மலர்வளையம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அனுப்பியது. அதை உள்ளே விடாதே என்று சொன்னவன் நான்தான். மலர்வளையம் அனுப்பிய அதே கை, யார்டு கேட்டில் ஒரு அறிவிப்பும் ஒட்டியிருக்கிறது. சிஸ்டம் ஆபரேட்டர் பிலோமி, சர்வர் அறையில் தீப்பிடித்தபோது வேலையாக எதுவும் செய்துகொண்டிருக்கவில்லையாம். வெளியேறச் சொல்லியும் கேட்காமல், தன் கவனக்குறைவால் இறந்துபோனாராம். மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடிவந்திருந்தால் போதுமாம்.

இதைப் படித்துக் காட்டியபோது அம்மா சிலுவையம்மாள் அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "பாய், எனக்கு மாலயும் வாணாம், ஒண்ணும் வாணாம். எம் பொண்ணு வேல செஞ்சிகினு செத்துச்சா, வேடிக்க பாத்துகினு செத்துச்சா? அத்த மட்டும் அவனுங்கள சொல்லச் சொல்லு." நான் இங்கே பேச வந்திருப்பது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பிலோமியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பெர்சனல் ஆபீசருக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அறிவிப்பைப் பார்த்தால் அவருக்கு பிலோமியைத் தெரியாது என்று தோன்றுகிறது.

தொண்ணூற்றெட்டில் நம் யார்டுக்கு அந்தப் பெரிய சர்வர் வந்தது. எந்தக் கன்டெய்னர் எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில், எந்தக் கப்பலுக்கு என்பதெல்லாம் அதற்குள் போனது. பிலோமி அதைப் பார்த்துக்கொள்ள வந்தார். காலையில் கேட்டுக்கு வெளியே எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே பிலோமி அவசரமே படமாட்டார். முதலில் ஏசி. அப்புறம் டிஸ்க் பெட்டி. அதன் விளக்குகள் நின்று நிதானமாக எரியும்வரை காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் சர்வர். திரையில் எழுத்துகள் ஓடி முடிந்ததும், யார்டு விவரமெல்லாம் தங்கியிருக்கும் டேட்டாபேஸை எழுப்புவார். எல்லாம் எழுந்த பிறகு கேட்டுக்குப் போன் அடிப்பார். "எய்ந்துடுச்சு, தொற." அந்தப் போன் வராமல் கேட் திறந்த நாள் நம் யார்டில் கிடையாது.

எடைமேடைக் கோதண்டம் இங்கேதான் நிற்கிறார். அவருக்குப் பொறுமையே கிடையாது. தினமும் போனைப் போட்டுக் கிண்டலடிப்பார். "இன்னா பிலோமி, உன் மிஷினு இன்னும் பல்லு வெளக்கிகினு கீதா?" பிலோமியும் விடமாட்டார். "வெளக்கட்டும் மாமு. தூக்கத்துல எய்ப்பிப் பேச வெச்சா, உன் வண்டி எண்ணூர்ல கீதுன்னு சொல்லும். நீ போய்த் தேடிகினு கெட." இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் நம் காலைகள் ஆரம்பித்தன. இல்லையா கோதண்டம்? தலையைக் குனியாதே. நிமிர்ந்து நில்.

எழுப்புவது இப்படி என்றால், நிறுத்துவது அதற்கு நேர் தலைகீழ். முதலில் ஆட்கள் அவரவர் திரையை மூடிவிட்டு சிஸ்டத்திலிருந்து வெளியே வரவேண்டும். அப்புறம் டேட்டாபேஸ். அப்புறம் சர்வர். அப்புறம் டிஸ்க். கடைசியில்தான் கரண்ட். ஏன் இவ்வளவு என்று ஒருநாள் கேட்டேன். என்னிடமே திருப்பிக் கேட்டார். "ஏன் பாய், பொட்டி அந்தரத்துல தொங்கிகினு கீறப்போ எவனாவது கிரேனு கரண்ட புடுங்குவானா?" எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் பாதி எழுதிய நம்பர், ஒருவர் பாதி ஏற்றிய சரக்கு, எல்லாம் அதற்குள் தொங்கிக்கொண்டிருக்கும். இறக்கி வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

சர்வரை நிறுத்தப் போகிறேன் என்று எல்லார் திரையிலும் செய்தி வரும். நாம் படித்தோமா? திரையை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அதனால் பிலோமி ஒரு வழக்கம் வைத்திருந்தார். நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு இடத்துக்கும் போன் அடிப்பார். கேட், எடைமேடை, கிரேன் ஷெட், டெலிவரி கவுன்டர், மேனேஜர் அறை. "வெளிய வந்தாச்சா?" நாம் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒரு இடத்திலிருந்து அந்தச் சொல் வராவிட்டாலும் அவர் கை வைக்கமாட்டார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை எல்லோரும் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களே, அந்த மாதிரி.

இப்போது அந்த மெயின் சுவிட்ச் கதைக்கு வருகிறேன். ஆபீசர், இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷ மழையில் கரண்ட் போய், சர்வர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தபோது, பிலோமி லீவில் இருந்தார். நம் மேனேஜர் சர்வர் அறைக்குள் புகுந்து மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டார். அவருக்கு வீட்டுக்குப் போகவேண்டிய அவசரம். மறுநாள் சர்வர் எழவில்லை. டிஸ்க்கை மூலைமூலையாகத் தானே சோதித்துக்கொண்டு கிடந்தது. எழுந்தபோது பாதி விவரம் இல்லை. நாம் எல்லோரும் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சேற்றில் நடந்து, ஒவ்வொரு கன்டெய்னராக நம்பர் பார்த்தோமே, மறந்துவிட்டதா? கப்பல் காத்திருந்தது. மேலிடம் கேள்வி கேட்டது. சுவிட்சைத் தட்டியவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. லீவில் இருந்த பிலோமிக்கு மெமோ கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. சர்வர் அறைக் கதவில் ஒரு போர்டு அடித்தார்கள். முறைப்படி ஷட்டவுன் செய்யாமல் மின்சாரத்தை நிறுத்துபவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். பெரிய சிவப்பு எழுத்தில்.

அந்தப் போர்டு இன்னும் அந்தக் கதவில் இருக்கிறது. பாதி கருகியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. சுவிட்சைத் தட்டினால் வேலை போகும் என்று எழுதியவனும் நீ. தட்டிவிட்டு ஓடிவர வேண்டியதுதானே என்று கேட்பவனும் நீ. உனக்கு எத்தனை வாய்?

அன்றைக்கு என்ன நடந்தது? நல்ல பகல் நேரம். வெயிலில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கரண்ட் போனால் சர்வரையும் நம் திரைகளையும் பிரின்டரையும் தாங்குவதற்கு யூபிஎஸ் பேட்டரிகள் இருக்கின்றன. அவை பக்கத்திலேயே ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. பேட்டரி உப்பிக் கிடக்கிறது, நாற்றம் வருகிறது, மாற்றுங்கள் என்று பிலோமி சொல்லாத ஆளில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷத்தை பிலோமி பார்க்கவில்லை.

பேட்டரியிலிருந்து புகை வந்தது. பிலோமி போனை எடுத்தார். எனக்கும் வந்தது. இருமிக்கொண்டே கேட்டார். "வெளிய வந்தாச்சா?" வந்தாச்சு என்றேன். கோதண்டம் சொன்னார். கேட்டில் சொன்னார்கள். டெலிவரி கவுன்டரில் ஃபரா சொன்னார். கடைசி போன் மேனேஜர் அறைக்கு. ஃபராவின் மேஜை அந்த அறையை ஒட்டினாற்போல இருக்கிறது, நடுவில் ஒரு கண்ணாடிதான். ஃபரா, நீ கேட்டதைச் சொல்ல பயந்துகொண்டிருக்கிறாய். வேண்டாம், நானே சொல்கிறேன். நீ என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கப்பலோட லிஸ்டு பிரின்டாகிகினு கீது, நா சொல்றவரிக்கும் நிறுத்தாத, நிறுத்துன அவ்ளோதான்னு அந்தாளு கத்துனாரு பாய். லிஸ்டு வந்துச்சு. கிழிச்சிகினு வெளிய ஓடிட்டாரு. போனு மறுபடி மறுபடி அடிச்சிகினே இருந்துச்சு. நா ஓடிப்போய் எடுக்கறதுக்குள்ள செக்யூரிட்டி என்னைய இழுத்துகினு வந்துட்டான்."

தோழர்களே, புரிகிறதா? தன் திரையை மூடாமல், வந்தாச்சு என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல், கையில் காகிதத்தோடு அவர் கேட் நிழலில் நின்றார். அந்த ஒரு சொல்லுக்காக பிலோமி புகைக்குள் நின்றார்.

கோதண்டமும் நானும் ஈரச் சாக்கோடு உள்ளே போனபோது சர்வரின் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. டிஸ்க்கும் அணைந்திருந்தது. பிலோமி கதவுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தார். கதவுவரை வந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

அடக்கம் ஆவதற்கு முன்பே கம்பெனி அந்தச் சர்வரைத் தூக்கிப்போய் வேறு கட்டடத்தில் வைத்தது. வெளியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சுவிட்சைப் போட்டார். ஒரு முனகல் இல்லை. டிஸ்க்கைச் சோதிக்கக்கூட இல்லை. ஒரு கன்டெய்னர் இடம் மாறவில்லை. முறையாக நிறுத்திய சர்வர்தான் இப்படி எழும் என்று அந்த இன்ஜினியரே சொன்னார். கப்பல் கிளம்பியது. மேனேஜர் நெஞ்சில் கைவைத்து, நல்ல காலம் என்றாராம்.

அது நல்ல காலமா? அது பிலோமி. நீ விட்டுவிட்டு ஓடிய திரையை அவர் சர்வர் அறையிலிருந்தே மூடினார். உன் சரக்கை இறக்கி வைத்தார். ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல் நிறுத்தினார். வேலையில் இல்லாத ஒருவர் இந்த வேலையை எப்படி முடித்தார்? பெர்சனல் ஆபீசர், எழுதுகிற கை ஏன் நின்றுவிட்டது? இந்தக் கேள்வியை எழுதுங்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால், அந்த அறிவிப்பு அந்த கேட்டிலேயே மஞ்சளாகிக் கிழியும்வரை இருக்கும். நம் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

பிலோமியின் நாற்காலியில் நாளை யார் உட்கார்ந்தாலும் அவருடைய வழக்கத்தை நாம் விடமாட்டோம். ஒன்று மட்டும் சேர்ப்போம். வெளியே வந்தாச்சா என்று கேட்பவரிடம், நீ வந்தாச்சா என்று நாமும் திருப்பிக் கேட்போம். பதில் வரும்வரை போனை வைக்கமாட்டோம். இது இந்த மண்டபத்தில் நிற்கும் எல்லோரும் பிலோமிக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னொன்று கம்பெனிக்கு. நாளைக் காலை உங்கள் சர்வர் எழுந்துவிடும். எழட்டும், பிலோமி அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும். போன் வராமல் கேட்டைத் திறக்கும் வழக்கம் நம் யார்டில் இல்லை. நாளைக்கு அந்தப் போனை அடிக்க வேண்டியவர் மேனேஜர். அம்மா சிலுவையம்மாள் கேட்டில், போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் எடுப்பார். உங்கள் பொண்ணு வேலை செய்துகொண்டிருந்தார், நான் வெளியே வரக் காத்திருந்தார் என்று மேனேஜர் தன் வாயால் அம்மாவிடம் சொல்லட்டும்.

அம்மா சரி என்று தலையசைத்தால் கேட்டைத் திறப்போம்.