பெரிய இன்ஜினும் தாய்மாமன் ஃப்ளெக்ஸும்

வேர்க்குதுல்ல? எனக்கும் வேர்க்குது. சங்க ஹால்ல ஃபேன் என்னவோ ஓடுது... காத்தைத்தான் காணோம். சரி, தொடச்சுக்கிட்டே ஒரு குட்டிக் கதை கேளுங்க.

பால்வண்ணன்னு ஒருத்தர். சினிமாக்காரங்க ஓட்டி ஓஞ்ச பழைய கேரவன் ஒண்ணு வெச்சிருந்தாரு. உள்ள கட்டில், அடுப்பு, பீரோ எல்லாம் உண்டு. லாரிக்கு இருக்குற மாதிரி பெரிய இன்ஜின். ஸ்டார்ட் பண்ணா தெருவே அதிரும்.

அவர் பொண்ணு சிவகாமிக்குக் கொடைக்கானல்ல கல்யாணம். அம்மா கோமதிக்கோ இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கை. கார்ல உட்கார முடியாது, கேரவன் கட்டில்ல படுத்துத்தான் வரணும். பொண்ணு ஒரே பிடியா நிக்குது. "அம்மா வராம நான் கழுத்தை நீட்ட மாட்டேன்!"

மலை ஏறணுமே! பால்வண்ணன் மெக்கானிக் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, டீசல் பம்புல வேலை பார்த்து, இழுவை கூட டர்போ மாட்டி, முந்தின நாளே மலையில ஓட்டியும் பார்த்துட்டாரு. விர்ருன்னு ஏறுச்சு.

கல்யாணத்தன்னைக்கு அடிவாரத்துல காபிக்கு நிறுத்துனாங்க. கோமதியோட தம்பி சங்கரலிங்கம் சும்மா இருப்பாரா? 'தாய்மாமன் வருகிறார்'னு ஒரு ஃப்ளெக்ஸ். கும்பிட்டபடி இவரு ஆளுயரத்துக்கு. பொண்ணு மாப்பிள்ளை? தேடணும்... மூலையில ஸ்டாம்பு சைஸ்ல இருக்காங்க! அதை வண்டி முகப்புல இழுத்துக் கட்டி, போட்டோவும் புடிச்சுக்கிட்டாரு.

டிரைவர் வண்டியைக் கிளப்புனாரு. ரெண்டு வளைவு தாண்டல... கரும்புகை! திணறுது, முக்குது, நின்னு போச்சு.

"நேத்து ஏறுச்சேய்யா!"ங்குறாரு பால்வண்ணன்.

"அதான் அண்ணாச்சி எனக்கும் புரியல"ங்குறாரு ஆரோக்கியம்.

பின்னாடி வேன்ல வந்த சொந்தம் பூரா இறங்கிருச்சு. "டீசல்ல தண்ணி!"ங்குறாரு ஒருத்தர். "பீரோவை இறக்கு!"ங்குறாரு இன்னொருத்தர். "திருஷ்டி கழிச்சீங்களா?" இது ஒரு அத்தை. சங்கரலிங்கம் கத்துறாரு, "இவ்வளவு பெரிய இன்ஜின்யா! இன்னும் டீசலைக் கூட்டு!"

கூட்டுனாங்க. என்ன கூடுச்சு? புகை கூடுச்சு! மறுபடி கூட்டுனாங்க... இன்னும் புகை. அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. எனக்கே இதைச் சொல்றப்ப தலை சுத்துது.

மேலேர்ந்து பொண்ணு போன்ல அழுவுது. "அப்பா, ஐயர் அவசரப்படுத்துறாரு. அம்மா எங்கப்பா?" பால்வண்ணன் போனை வெச்சாரு. அந்த மனுஷன் ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்து அழுதுட்டாரு.

அப்பத்தான் கட்டில்லேர்ந்து கோமதி கூப்பிட்டாங்க. "சங்கரா... மூச்சு முட்டுதுடா. முன்பக்கம் காத்து வர்ற வழியை என்னத்தையோ போட்டு அடைச்சிருக்கீங்களே..."

"அக்கா!" ஓடுனாரு சங்கரலிங்கம். ஃப்ளெக்ஸ்ல இருந்த தன் கும்பிட்ட கையை, தன் மூஞ்சியை, தானே சர்ருன்னு கிழிச்சாரு. அக்கா மூச்சு விடணும், அவ்வளவுதான் அவருக்கு.

டிரைவர் சாவியைத் திருகுனாரு. புகை குறைஞ்சுது. வண்டி ஏறுச்சு!

"என்னய்யா பண்ணுன?"ங்குறாரு பால்வண்ணன்.

"ஒண்ணும் பண்ணலையே!"ங்குறாரு டிரைவர்.

ஆரோக்கியம் கிழிஞ்ச ஃப்ளெக்ஸைப் பார்த்தாரு, வண்டி முகப்பைப் பார்த்தாரு, தலையில அடிச்சுக்கிட்டாரு. "அட கிரகமே... இன்ஜின் மூச்சு இழுக்குறதும் அந்த வழியாத்தானே! காத்து இல்லாம டீசலை ஊத்தி என்ன பண்ண?"

தாலி கட்டுறப்ப, ஸ்ட்ரெச்சர்ல படுத்தபடியே அம்மா பக்கத்துல இருந்தாங்க. பொண்ணு தலையை நிமிர்த்தி முதல்ல பார்த்தது அவங்களைத்தான்.

இப்ப நம்ம சங்கத்துக்கு வாங்க. ஆள் போதல, நிதி போதலன்னு வருஷா வருஷம் தீர்மானம் போடுறோம். ஏன்யா, ஆளா இல்ல? இத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க! இன்ஜின் பெருசுதான். அது மூச்சு விடுற இடத்துல நாம நம்ம மூஞ்சியைக் கொண்டுபோய்க் கட்டி வெச்சுட்டு, ஏறல ஏறலன்னு முழிச்சா எப்படி?

தலைவர் முறைக்கிறாரு... முறைக்கட்டும். தம்பிங்களா, அந்தப் பக்கம் மூணு ஜன்னலையும் மறைச்சு நிர்வாகிகள் ஃப்ளெக்ஸ் தொங்குது பாருங்க. அவுத்து விடுங்க. முதல் படம் என்னுதுதான்... அதுலேர்ந்தே ஆரம்பிங்க.