வறண்ட ஓடையில் நாற்பது வீடுகள்

மேடையில் வீற்றிருக்கும் மாகாண ஆளுநர் அவர்களே, நகர மன்ற உறுப்பினர்களே, தாஷ்-சாய் நகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, கணவரைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் கனிகே அண்ணியே!

நான் ஷெராலி. பதினாறு ஆண்டுகள் நகராட்சிப் பொறியாளராகத் துர்துபெக் அண்ணனுக்குக் கீழே இருந்தவன். இன்று அவருடைய நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருப்பவன்.

நம் நகரத் தலைவர் துர்துபெக் அண்ணன் என்ன செய்யவில்லை? மேட்டுத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தது யார்? பேருந்து நிலையம் கட்டியது யார்? சென்ற மாதம் சேற்று வெள்ளம் இறங்கியபோது நாற்பது குடும்பங்களை உயிரோடு கரையேற்றியது யார்? அவர்தான். ஆனால் அந்த நாற்பது குடும்பங்களை வறண்ட ஓடைக்குள் குடிவைத்ததும் அவர்தான். இதை மறைத்துப் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

எட்டு ஆண்டுகளுக்கு முன், தேர்தல் நேரம். ஓடையில் மனை கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லத்தான் போனார். அவர்கள் விருந்து வைத்து, தலைமை விருந்தாளிக்கு உரிய ஆட்டுத் தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் வாய் திறக்கும் முன்பே பெரியவர் மாமிர்கான் இரு கைகளையும் ஏந்தி, மனை கொடுத்த மகராசன் வாழ்க என்று ஆசி சொல்லிவிட்டார். அண்ணனும் கை ஏந்தி முகத்தைத் தடவி, ஆசியை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு மறுப்பது என்பது நம்மிடம் உண்டா?

திரும்பும் வழியில் காரில் புலம்பினார். “பெரியவர் கை ஏந்திட்டாருடா ஷெராலி. நான் மட்டும் கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டா உக்கார முடியும்? சரி, அங்க தண்ணி வருமா, சொல்லு.”

நாற்பது வருடமாக வரவில்லை என்றேன். பொறியாளர் சொன்ன பதில் அது. மனை வரைபடமும் நான் போட்டதுதான். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளத்தன்று மதியம் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். மாமிர்கான் பெரியவர் மட்டும் நகர மறுத்தார். அண்ணன் அவரை முதுகில் சுமந்து வந்து லாரியில் ஏற்றினார். தான் ஏறுவதற்குள் சேறு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இருபத்தாறு வீடுகள் போயின, பதினான்கு நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று மேலிடத்தைக் கேட்டேன். மூன்று வாரத்தில் நகரத் தலைவர் தேர்தல், நீயும் நிற்கிறாய், அது முடியட்டும் என்றார்கள். நேற்று மாமிர்கான் பெரியவர் என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நிக்கிற வீடு நிக்கட்டும். விழுந்ததை அங்கேயே கட்டிக்கிறோம். நீதான் ஜெயிப்பே,” என்று கை ஏந்தினார்.

எட்டு வருடம் அண்ணனைக் கேலி செய்த நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் ஏந்தினேன். இரவெல்லாம் தூக்கமில்லை. ஏந்தாவிட்டால் ஊர் மதிக்காது. ஏந்தினால் அடுத்த வெள்ளம் என் கணக்கு.

பெரியவரே, இந்த அவையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். உங்கள் ஆசி எனக்கு வேண்டாம். மரியாதை கெட்டவன் என்று சொல்லுங்கள், வாக்கை வேறு யாருக்காவது போடுங்கள். துர்துபெக் அண்ணன் தொடங்கி முடிக்காமல் போன வேலை ஒன்றுதான், ஓடையைக் காலி செய்வது. அதை நான் முடிப்பேன். குதிரைத் திடலில் கூடாரங்கள் தயார். உத்தரவில் இன்று காலை கையெழுத்திட்டுவிட்டேன்.

நாளை எட்டு மணிக்கு இடிக்கத் தொடங்குகிறோம். முதல் வீடு என் தங்கை குல்பாராவுடையது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.