கண்ணு ஆடுதா பாருங்க

இல்ல டாக்டரம்மா, எழுதி ஒண்ணும் குடுக்க வேணாம். போன தடவ குடுத்த மாத்திரையே அப்படியே கெடக்கு. தலயத் தொங்கப் போட்டுத் திருப்புவீங்கள்ல, அத மட்டும் ஒரு வாட்டி பண்ணி விட்டுருங்க. எடது பக்கம் திரும்பிப் படுத்தா சுத்துது. ஆமா, தனியாத்தான் வந்தேன்.

என்னய ஞாபகம் இல்லியா? முன்னாடி ஒரு தடவ வந்தேனே. எங்க வீட்டுக்காரரு கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாரு, பஸ் டிப்போ மெக்கானிக்கு, சட்டையெல்லாம் கிரீசு. அன்னிக்குக் காலைல கட்டில்ல சும்மா பொரண்டேன், வீடே தட்டாமாலை சுத்துது! கூரை கீழ வருது, தரை மேல போகுது. அவ்ளோதான், செத்தேன்னே நெனச்சேன். நீங்கதான் காதுக்குள்ள ஏதோ துகள் எடம் மாறிடுச்சு, தலயத் திருப்பித் திருப்பி வச்சா சரியாயிரும்னீங்க. நான் உங்க பாத்ரூம்ல கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துட்டு இருந்தேன், அந்த நேரத்துல நீங்க அவர உக்கார வச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் வீட்ல அவருதான் எனக்கு டாக்டரு!

சிரிக்காதீங்க. அந்த மனுசன் வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும். கல்யாணம் ஆனதுலேர்ந்து சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. பொய்யும் வராது. ஆசையா புதுத் துணி உடுத்திட்டுப் போயி நின்னா, நல்லால்லன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாரு. வேலைக்கு லேட்டானா, தூங்கிட்டேன்னு அப்படியே சொல்லித் திட்டு வாங்கிட்டு வருவாரு. அப்படிப்பட்டவரு என் தலய ரெண்டு கைலயும் ஏந்துவாரு பாருங்க... கை சொரசொரன்னுதான் இருக்கும். ஆனா பச்சப்புள்ள தலயப் புடிக்கிற மாதிரி புடிப்பாரு. மெதுவாத் திருப்பி, குனிஞ்சு என் கண்ணையே பாப்பாரு. ஆமாடி, நல்லாத்தான் ஆடுது, இன்னொரு வாட்டி பண்ணிருவோம்பாரு. அப்புறம் தலகாணிய ஒசத்தி வச்சு என்னச் சாச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்துருப்பாரு.

சரி சரி, படுத்துக்கறேன். புடிங்க. ம்... உங்க கை ஜில்லுன்னு இருக்கு. இல்லல்ல, வலிக்கல. கண்ணுல தண்ணி அதுபாட்டுக்கு வருது, நீங்க பாருங்க.

என்னது, ஒண்ணுமே இல்லியா?

ம்ம். உங்ககிட்ட மறச்சு என்ன ஆகப்போகுது. சுத்தல் அப்பவே நின்னு போச்சும்மா. அவருகிட்டச் சொல்லல. சொன்னா கைய எடுத்துருவாரே! மனசு கேக்காதப்பல்லாம், சுத்துதுங்கன்னு போயிப் படுத்துருவேன். வேலைலேர்ந்து அலுத்துப் போயி வந்த மனுசன், சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு ஓடி வருவாரு. பாவி, இவர இப்படி ஏமாத்துறியேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். இன்னிக்குச் சொல்லிரணும், நாளைக்குச் சொல்லிரணும்னே இருந்தேன். போன மாசம் டிப்போல வண்டிக்கு அடியில படுத்து வேல பாத்துட்டு இருந்தவரு, எந்திரிக்கவே இல்ல. நெஞ்சு வலியாம். இனிமே யாருகிட்டச் சொல்லுவேன்? என் தலயப் புடிக்கத்தான் யாரு இருக்கா? அதான் பொய்யச் சொல்லிக்கிட்டு உங்ககிட்ட வந்தேன்.

ஆமா, ஒண்ணுமில்லன்னு நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?

கண்ணா? நெசமாச் சுத்துனா கருவிழி தன்னால துடிக்குமா? சுத்தலன்னா?

ஆடவே ஆடாதா?

வீட்ல பண்ணி விடுறவங்களுக்கும் மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்பீங்களா? எல்லாருக்குமா? அவருக்கும் சொல்லிருப்பீங்களா?

இருங்கம்மா, எந்திரிக்கச் சொல்லாதீங்க. கைய எடுத்துராதீங்க, கொஞ்ச நேரம்.

ஆடுதுடின்னாரே. ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சு பாத்துட்டு, நல்லா ஆடுதுடின்னாரே.