நாப்பத்தொண்ணாம் நம்பர் தம்பி

— அக்கா, புண்ணியமாப் போகும், என் ரோல் நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க. வேற எந்தப் பிள்ளையை வேணா என் தலையில கட்டுங்க.

— முடியாது மேக். புதுசா வர்ற நாப்பத்தொண்ணுக்கு ரெண்டாம் வருஷத்து நாப்பத்தொண்ணுதான் அண்ணன். போன வருஷம் நீ வந்தப்ப உன் நம்பர் அக்கா பழைய புத்தகமெல்லாம் குடுத்து, மலைமேல புத்தர் கோயிலுக்குக் கை பிடிச்சு ஏத்திவிட்டாளா இல்லையா?

— ஏத்திவிட்டாங்க. நான் பதினெட்டு வயசுப் பய. இப்ப வர்றவருக்கு அம்பத்தாறு! எங்கப்பாவுக்கே மூத்தவரு. அவருக்கு நான் அண்ணனா?

— இங்க வயசு கணக்கில்ல. முன்னால சேர்ந்தவன் பெரியவன்.

— உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. முதல் நாளே "வணக்கம் அண்ணா"ன்னு கும்பிடுவாரு. பெரியவங்க நம்மளைக் கும்பிட்டா ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லும். தினம் கும்பிட்டார்னா பட்டம் வாங்குறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்.

— சிரிக்க வெக்காதடா. புதுப் பிள்ளைங்களோட மலை ஏறுற அன்னைக்கு யார் யார் தண்ணி தூக்குறதுன்னு இன்னும் பிரிக்கவே இல்ல.

— நானும் அதுக்குத்தான் வர்றேன். அவர் எதுக்கு ஏறணும்? அதே மலையில காலமெல்லாம் ஆளேத்துற செவப்பு வேன் ஓட்டுன மனுஷன். பாதியில உக்காந்துடுற பிள்ளைங்களை அவர்தான் மேல ஏத்திட்டுப் போவாராம். வண்டியிலயே போகட்டும். காலேஜ் பாட்டுப் பழகுறப்ப நாமெல்லாம் தரையில, அவருக்கு ஒரு நாற்காலி. மாமான்னு கூப்பிடுவோம். கோயில்ல அண்ணன் தம்பியை வாழ்த்திக் கைக்கு நூல் கட்டணுமே, அதை பிக்கு பாத்துக்கட்டும். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு.

— ஆச்சு. அப்புறம் நாலு வருஷமும் அந்த நாற்காலியிலயே இருப்பாரு. யாரும் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டீங்க. கிண்டல் பண்ண மாட்டீங்க. பரீட்சைக்கு முந்தின நாள் நோட்டு கேட்டு நிக்க மாட்டீங்க. ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுவீங்க. மனுஷன் தனியாக் கெடந்து தவிப்பாருடா.

— அடேங்கப்பா! அவர் உங்களை வக்கீலா வெச்சிருக்காரா?

— அவர் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு. வரலாறு ஏன் எடுத்தார் தெரியுமா? கோயிலைப் பத்தி, சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்ககிட்ட இத்தனை வருஷம் அளந்துவிட்டதுல எது நெசம்னு தெரிஞ்சுக்கணுமாம்.

— ஆள் நம்ம ஜாதிதான் போல! அதெப்படி உங்களுக்குத் தெரியும்?

— அந்த வண்டியில நிறைய போயிருக்கேன். பேச்சை மாத்தாத. கட்டுவியா, மாட்டியா?

— அவர் எனக்கு முன்னால மண்டி போடணும். நான் அவர் கையைப் பிடிச்சு, "தம்பி, நல்லாப் படி, நோய்நொடி இல்லாம இரு"ன்னு வாழ்த்தணும். எனக்கு வாய் வருமா?

— வரும். மெதுவாச் சொல்லு, போதும். வலது முட்டி சரியா மடங்காது, கீழ ஒரு துணியை மடிச்சுப் போடு.

— சரி, கட்டுறேன். வண்டி வேணாம், நாற்காலியும் வேணாம். அவர் கும்பிடுறப்ப மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்குவேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இவ்ளோ பேசுறீங்களே, நீங்கதானே எங்களுக்கெல்லாம் தலைவி? உங்க கையால கட்டிவிட்டா யார் வேணாங்கப் போறாங்க?

— என்னால முடியாது மேக். நான் கட்டுனா எங்கப்பா அழுதுடுவாரு.