ஒடிக்காமல் திரும்பிய கோமளா

இந்தப் பொங்கல் விழாவுக்குத் தலைமை தாங்கி, மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு இப்போது கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் முகமது இஸ்மாயில் அவர்களே! வயதிலும் வாஞ்சையிலும் மூத்த நூம்பல் ஊர்ப் பெரியோர்களே! புதுப்புடவை கட்டி வந்து புழுதியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அடுக்ககங்களிலிருந்து இறங்கி வந்த அன்பர்களே! வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனமில்லாத காளையரே! வரதன் வணங்குகிறேன்.

எத்தனையோ மேடை ஏறியவன் நான். இன்று மட்டும் ஏன் நாக்குத் தடுமாறுகிறது? சற்றுமுன் இந்தத் திரையில் நடந்த கார் பந்தய விளையாட்டில் முதல் பரிசு பெற்றவர் யார்? கோமளா! யார் அந்தக் கோமளா? என் மனைவி!

"இன்னா அண்ணாத்தே, அப்ப ஊட்ல நீதான் தோத்துகினு கீறியா?" என்று கேட்கிறார் ஒரு தம்பி. ஆமாம் தம்பி, தினந்தோறும் தோற்கிறேன், திருப்தியாகத் தோற்கிறேன்!

சிரித்தது போதும், கேளுங்கள். போன மழைக்காலத்தில் எங்கள் மகள் ஜோதிகாவைப் பின்னால் உட்காரவைத்து, கரையான்சாவடி வளைவில் ஸ்கூட்டரில் வந்தாள் கோமளா. வளைவெல்லாம் மணல். பயந்துபோய், திரும்பும்போதே பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில்பாரை வெடுக்கென்று ஒடித்துத் திருப்பினாள். இருவரும் விழுந்தார்கள். குழந்தைக்குத் தாடையில் தையல். "இனிமே அம்மா வண்டில ஏறவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும், தாய்மார்களே! ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது.

பிறகொரு நாள் மகள் கார் கேம் ஆடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் கோமளா. "குடுடி, நானும் பாக்கறேன்." வளைவு வந்தது. "ஒடி மா! ஒடி, ஒடி!" என்று கத்தினாள் மகள். ஒடித்தாள், சுவரில் மோதினாள். மறுபடி ஒடித்தாள், மறுபடியும் சுவர்!

ஒடி! வண்டியைத் திருப்ப நம் ஊரில் வேறு சொல் உண்டா? லாரியைச் சந்தில் நிறுத்தினாலும் ஒடி, ஆட்டோ திரும்பினாலும் ஒடி! ஊர்கிற வண்டியை ஒடிக்கலாம் ஐயா, பறக்கிற வண்டியை ஒடிக்கலாமா?

அதைத்தான் கண்டுகொண்டாள் கோமளா. வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்தாள். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வண்டியை விட்டாள். கண்ணைச் சாலை திறக்கும் இடத்தில் வைத்தாள். "சொவத்தையே பாத்துகினு இருந்தா சொவத்துலதான்யா போய் முட்டுது" என்றாள் என்னிடம். அடேங்கப்பா! பயந்து பிடிக்கும் பிரேக் வேறு, பார்த்துப் பிடிக்கும் பிரேக் வேறு என்பதை எனக்கு யார் சொன்னார்கள்?

அப்புறம் ஸ்கூட்டரையும் எடுத்தாள். கரையான்சாவடி வளைவில் தனியாகவே போய் வந்தாள். பின்சீட் மட்டும் காலியாகவே இருந்தது. இன்றைக்கும் அவள் ஸ்கூட்டரில் வந்தாள், மகள் என் பைக்கில்தான் வந்தாள்.

இறுதிப் போட்டி! எதிரே நம் தெருவின் சூரர், தம்பி ஜஸ்டின். கடைசி வளைவு! "அமுக்கு! ஒடி!" என்று கத்தினீர்களே, நீங்கள்தானே? அவள் என்ன செய்தாள்? வேகத்தைக் குறைத்தாள். ஜஸ்டின் பாய்ந்தார், முந்தினார், ஒடித்தார், சுவர்! ஐயோ போச்சு என்று தலையில் கை வைத்த நான், கையை எடுப்பதற்குள், கோமளாவின் கார் வளைவைத் தடவிக்கொண்டு வெளியே வந்து சீறியது. மெய் சிலிர்த்தது ஐயா! வளைவிலே விழுந்தவள் வளைவிலே வென்றாள்! வீட்டிலே கற்றதை வீதியிலே காட்டினாள்!

ஆகவே அன்பர்களே... யார் அது கூப்பிடுவது? ஜோதிகாவா? சத்தமாகச் சொல்லு கண்ணு.

"நைனா, நீ பைக்ல தனியா வா! நான் அம்மா வண்டில போறேன்!"

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா? இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பேச விட்ட அண்ணனுக்கும் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. நான் தனியாகவே வீட்டுக்குப் போகிறேன் ஐயா, சந்தோஷமாகப் போகிறேன். வணக்கம்!