சூடு ஆறாத படுக்கை

இரவு இரண்டரை மணி. துறைமுகத்துக்குப் போகிற சாலை... ஈ காக்கை கிடையாது. காவல் கூண்டில் இருந்தவர் பார்க்கிறார், ஒரு கனத்த மனிதர், வெறுங்காலோடு, பனியனும் அரைக்கால் சட்டையுமாக வேகுவேகென்று வருகிறார். தெரிந்த முகம்தான்.

"எங்க சார், இந்நேரத்துல?"

அவர் நிற்கவே இல்லை. "டியூட்டிக்கு லேட்டாயிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

அவர் என் நண்பனுடைய சொந்தச் சித்தப்பா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். கதவையே திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். இப்போதைக்கு அங்கே யாருமில்லை.

சித்தப்பாவுக்கு நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. லீவில் வந்தால் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. புதிதாகச் சேர்ந்தவனைக் கூப்பிட்டு, "ஒரே புழுக்கமா இருக்கு, போய் ஜன்னலைத் திறந்துட்டு வாடா" என்று அனுப்புவார்களாம். அவனும் பயபக்தியோடு, கடலுக்கடியில், ஜன்னலைத் தேடிக் கப்பல் முழுக்கச் சுற்றுவானாம். உள்ளே இடம் அத்தனை நெருக்கடி. இரண்டு பேருக்கு ஒரே படுக்கை. ஒருவர் வேலைக்கு எழுந்தால்தான் மற்றவர் படுக்கலாம். போர்வைக்குச் சூடு ஆற நேரமே இருக்காது. "பொண்டாட்டிய விட அவன் சூடுதான் எனக்குப் பழகிப்போச்சு" என்பார். சித்தி முறைப்பாள்.

அந்த 'அவன்'தான் குண்டூசி. ஆள் அவ்வளவு ஒல்லி. இருவரும் பேட்டரி அறையில் மாற்றி மாற்றிக் காவல். அங்கே பேட்டரி கக்கும் வாயுவை வெளியே தள்ளும் காற்றாடி நின்றுபோனால் உள்ளே இருப்பவன் பிழைக்க மாட்டான், அதனால் கண்ணயராமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முறை முடிந்தவன் வந்து, பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல், படுத்திருப்பவனின் கால் கட்டைவிரலை இரண்டு தரம் இழுப்பான். எழுந்திரு, உன் முறை. அவ்வளவுதான் அர்த்தம்.

ஒரு பயணத்தில் குண்டூசிக்குக் காய்ச்சல். தள்ளாடிக்கொண்டு வந்து விரலை இழுத்தான். சித்தப்பா விழித்துக்கொண்டார். விழித்துக்கொண்டு... குறட்டை விட்டார். விளையாட்டுக்குத்தான்.

"அண்ணே, நடிக்காதீங்கண்ணே. கண்ணு செருகுது. எடத்தைக் குடுங்க."

குறட்டை இன்னும் பெரிதானது. காவலை விட்டுவிட்டு அவன் எத்தனை நேரம்தான் நிற்பான்? திரும்பிப் போனான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே புரண்ட சித்தப்பா, நிஜமாகவே தூங்கிவிட்டார்.

காற்றாடி நின்றது... குண்டூசி எழவில்லை.

அதுகூடப் போகட்டும். விசாரணையில் மனிதர் வாய் கூசாமல் சொன்னார் பாருங்கள், "அவன் என்னை எழுப்பவே வரல சார். அங்கேயே தூங்கியிருப்பான்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கே அவரை ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றும். காவலில் தூங்கிச் செத்தவன் என்று குண்டூசியின் பெயர் நாறியது. இவர் கரை வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டார்.

வந்த அன்றே, நடுத்தூக்கத்தில்... கட்டைவிரலில் ஒரு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கண் திறந்தால் யாருமில்லை. கப்பலுக்குள் அடிக்கும் அதே டீசல் நாற்றம் மட்டும்.

மறுநாளும் அதேதான். காலை மடக்கிப் படுத்துப் பார்த்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தார். பூட்ஸுக்குள்ளேயே இழுத்தது. காலையில் கழற்றினால் நகம் பெயர்ந்து ரத்தம். வேறு வழியில்லாமல் சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் சித்தி. "அந்தப் புள்ளை அதுக்குத்தான் அலையுது."

"என் வேலை போயிடும்டி. செத்தவனுக்கு நல்ல பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

சொல்லி வாய் மூடவில்லை, குப்பென்று அறை முழுக்க டீசல் நாற்றம். சித்திக்கும் அடித்தது. அதுவரை அவன் எழுப்பத்தான் வந்துகொண்டிருந்தான். அந்தப் பேச்சோடு அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிருக்க வேண்டும்.

அன்று இரவு விரலை யாரும் இழுக்கவில்லை. கணவர் ஆழ்ந்து தூங்குகிறார் என்று சித்திக்குப் பெரிய நிம்மதி. விடியும் முன்னே வாசல் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். போய்த் திறந்தால், துறைமுகத்துக் காவல்காரர். உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

"அம்மா... சார் தண்ணிக்குள்ள எறங்கிட்டாரும்மா. கப்பலுக்குள்ள எறங்குற மாதிரி, சாவகாசமா எறங்கினாரு. நானும் குதிச்சுத் தேடிப் பார்த்துட்டேன்..."

"யாரைச் சொல்றீங்க? அவர் உள்ளதான் தூங்குறாரு. பக்கத்துல இருந்துதானே எந்திரிச்சு வரேன்."

குறட்டை வாசல்வரை கேட்டது. காவல்காரர் காதிலும் விழுந்தது. சித்தி விடுவிடுவென்று உள்ளே போனாள். தலையோடு போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது உருவம்.

"என்னங்க... எந்திரிங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். கையில் சதையே தட்டுப்படவில்லை. வெறும் எலும்பு... நல்ல சூடாக.

குறட்டை நின்றது. போர்வைக்குள்ளிருந்து, தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல்:

"அவரு டியூட்டியில இருக்காரு அண்ணி. நான் இப்பத்தான் படுத்தேன்."