முன் பிரேக்கு மட்டும்

இல்ல தம்பி, அத வண்டியில ஏத்தாதீங்க, கொஞ்சம் இருங்க. குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? என் பொண்ணு உங்க கடைக்குப் போன் பண்ணிப் பேசி முடிச்சாச்சு. அப்பா சைக்கிளு சும்மா நின்னு துருப்புடிக்கிறதுக்கு யாராவது ஓட்டட்டும்னு ஆசப்படுறா. நியாயம்தானே. நான் ஒண்ணும் குறுக்க நிக்கப் போறதில்ல. முன் பிரேக்கு மட்டும் லூசாக் கெடக்கு. அத இங்கயே, இந்த ரூம்லயே வச்சு சரி பண்ணிட்டு எடுத்துட்டுப் போங்க. நான் கேக்குறது அவ்வளவுதான்.

கடையில போய்ப் பாத்துக்கலாம்தான். அங்க லைட்டு இருக்கும், சாமானெல்லாம் இருக்கும், வாஸ்தவம்தான். இருந்தாலும் இங்க பண்ணுங்களேன். டீ போட்டுட்டேன் பாருங்க, குடிச்சிக்கிட்டே பேசுவோம். ஐயோ, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஆடும். சைக்கிள்ல ஒரு நட்டு ஆடுனா எங்க வீட்டுக்காரரு தாங்க மாட்டாரு, இந்த ஸ்டூல மட்டும் தொடவே மாட்டாரு. கேட்டா, ஸ்டூலு எங்கயும் போகலையேம்பாரு.

ஆமா, இந்த ரூமுதான் அவரு பட்டறை. பொண்ணு கல்யாணமாகிப் போனதும் அவ கட்டில எடுத்துக் கூடத்துல போட்டுட்டு சைக்கிள உள்ள கொண்டாந்துட்டாரு. மாப்பிள்ள வந்தா எங்க படுப்பாரு, அந்த மழச்சாரல் அடிக்கிற கூடத்துலயான்னு சண்ட போட்டேன். மாப்பிள்ள நனைஞ்சா காஞ்சிருவாரு, சைக்கிளு நனைஞ்சா துருப்புடிச்சிரும்னாரு. இப்படி ஒரு மாமனார எங்கயாவது பாத்திருக்கீங்களா?

செயினா? தேஞ்சுதான் இருக்கு, எனக்குத் தெரியும். பல்லுச் சக்கரத்துல இருந்து இழுத்துப் பாக்குறீங்களே, அவரும் அப்படித்தான் பாப்பாரு. இழுத்தா எந்திரிச்சு வந்துச்சுன்னா செயின் நீண்டு போச்சுன்னு அர்த்தமாம். பொண்ணு ஒரு தடவ புதுச் செயின் வாங்கிட்டு வந்தா. மாட்டுனாரு. பெடல அழுத்துனா டக்கு டக்குனு குதிக்குது. பின் சக்கரத்துப் பல்லும் இந்தப் பழைய செயினோட சேந்தேதான் தேஞ்சிருக்கு, புதுசோட அதுக்கு ஒத்துப்போகல. மறுபடி பழசையே மாட்டிட்டாரு. புதுசு அந்த டப்பாவுல அப்படியே இருக்கு, எடுத்துக்கங்க. போடுறதா இருந்தா பின் பல்லையும் சேத்து மாத்துங்க, இல்லன்னா ஓட்டுறவன் கீழ விழுந்து அவன் பல்லு போயிரும்.

ஆமா, அப்போ அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாது. பொண்ணு சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டா. தண்ணி ஆபீசுல மீட்டர் பாக்குற வேலை அவருக்கு. வீடு வீடா இந்தச் சைக்கிள்லயே போயி, குனிஞ்சு மீட்டர்ல இருக்குற நம்பரக் குறிச்சிட்டு வரணும். மூணெல்லாம் எட்டாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. ஆளே இல்லாம பூட்டிக் கெடந்த வீட்டுக்கு, ஊரே சேந்து குளிச்சாலும் தீராத அளவுக்குத் தண்ணி எழுதி வச்சுட்டாரு. ஆபீசுல எல்லாரும் சிரிச்சாங்களாம், அவரும் சிரிச்சாராம். வீட்டுல வந்து சொன்னப்போ நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். கண்ணுக்குள்ள அழுத்தம்னு டாக்டரு சொல்றப்போ பாதிக்கு மேல போயிருச்சு. மிச்சமும் நிக்கல.

அதுக்கப்புறம் பேச்ச விட்டுட்டாரு தம்பி. சுவத்தப் பாத்து உக்காந்திருப்பாரு. பாத்துன்னு சொல்றேன் பாருங்க, பாக்குறதுக்கு என்ன இருக்கு அவருக்கு. தட்டக் கொண்டுபோய் வச்சா ரெண்டு வாய், கையக் கழுவிருவாரு. வாய் ஓயாத மனுசன். உண்மையச் சொல்றேன், கண்ணு போனதக்கூடத் தாங்கிக்கிட்டேன், அந்த வாய் போனதத்தான் என்னால தாங்க முடியல.

ஒரு நாளு இந்த ரூமப் பெருக்குறதுக்காக சைக்கிள நகத்துனேன். பின் சக்கரம் கரகரன்னுச்சு. கூடத்துல இருந்து குரல் வருது, மட்கார்டுல உரசுதுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எத்தன நாளைக்கப்புறம் ஒரு வார்த்த! சுவத்தப் புடிச்சிக்கிட்டே வந்தாரு. சைக்கிளத் தலகீழாக் கவுத்தாரு. சக்கரத்தச் சுத்தி விட்டு காத வச்சுக் கேட்டாரு. கம்பி ஒவ்வொண்ணையும் விரலால சுண்டி, இது சரி, இது தொளதொளன்னு இருக்குன்னு சத்தத்துலயே சொல்றாரு. அப்புறம் அச்சு நட்டத் தடவிப் புடிச்சு, இதான் லூசுன்னு முறுக்குனாரு. முடிச்சுட்டு பெல் அடிச்சாரு பாருங்க, தெருவுக்கே கேட்டிருக்கும். அன்னைக்கு ரெண்டாவது தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. நான் அடுப்படியில நின்னு அழுதேன்.

சரி, வழி கெடச்சிருச்சுன்னு நெனச்சேன். ஆனா மறுநாளைக்கு ரிப்பேருக்கு எங்க போறது? ஓடுற சைக்கிளுதான தேயும், நிக்கிற சைக்கிளுல என்ன தேயும்? அவரும் வந்து தடவிப் பாப்பாரு, எல்லாம் சரியாத்தான் இருக்கும், திரும்பப் போயி உக்காந்துருவாரு.

அதான் நான் ஆரம்பிச்சேன். என்னத்தயா? மத்தியானம் சாப்ட்டுட்டு அவரு ஒரு தூக்கம் போடுவாரு. அந்த நேரத்துல வந்து ஏதாவது ஒண்ணக் கழட்டி விட்டுருவேன். சிரிங்க சிரிங்க, எனக்கே சிரிப்புதான். மொதல்ல காத்தப் புடுங்கி விட்டேன். அது பத்தல, பம்ப எடுத்து அடிச்சா முடிஞ்சு போச்சு. அப்புறம் ஸ்பேனர்ல எறங்குனேன். அந்தத் தகரப் பொட்டிக்குள்ள கைய விட்டுச் சத்தமில்லாம ஒண்ண எடுக்க நான் பட்ட பாடு இருக்கே! சீட்டு நட்டு, மட்கார்டு கம்பி, செயின் கவரு, நாளைக்கு ஒண்ணு. ஒரு தடவ இடது பக்கத்துப் பெடலக் கழட்டுறேன்னு முக்கி முக்கித் திருப்புறேன், அசைய மாட்டேங்குது. உங்களுக்குத்தான் தெரியுமே, அது மட்டும் எதிர்ப் பக்கமாக் கழலும். எனக்கென்ன தெரியும்? அவரு எந்திரிச்சு வந்து தொட்டுப் பாத்துட்டு, இத எந்த யானை வந்து இறுக்குச்சுன்னாரு. நான் அடுப்படிய விட்டு வெளியவே வரல.

அவரு வேலை பண்றப்போ இந்தப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன். மூச்சு விடுறத வச்சே கண்டுபுடிச்சிருவாரோன்னு பயம். பெல் அடிச்சப்புறம்தான் வருவேன். சரியாயிருச்சான்னு கேப்பேன். வீட்டுல நிக்கிற சைக்கிளுக்கு இவ்வளவு நோவு எங்கிருந்துதான் வருதோம்பாரு. பழசாயிருச்சுல்லம்பேன். தலைய ஆட்டிக்குவாரு.

ஒரு நாளு அப்படித்தான் வந்து நிக்கிறேன். ஸ்பேனர மூக்குகிட்ட கொண்டு போனாரு. மோந்து பாத்தாரு. இன்னைக்கு வெங்காயம் நறுக்குனியான்னாரு. ஆமான்னேன். சரின்னுட்டு ஸ்பேனரத் துடைச்சாரு.

மறுநாளு அவரு படுத்ததும் பூனை மாதிரி வரேன், பொட்டியில ஸ்பேனரக் காணோம். தேடுறேன், தேடுறேன். பாத்தா சீட்டு மேல இருக்கு. துடைச்சு, நான் எடுக்கத் தோதா, புடி இந்தப் பக்கம் பாத்து. அப்படியே தரையில உக்காந்துட்டேன் தம்பி. அன்னையில இருந்து தெனமும் படுக்கப் போறப்போ அங்கதான் வச்சிட்டுப் போவாரு. நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

ஒரு தடவ அதிகப்பிரசங்கித்தனமா முன் சக்கரத்து அச்சையே கழட்டிட்டேன். உள்ள அந்தக் குட்டிக் குட்டி பால்ரஸ் குண்டு இருக்குமாமே, எல்லாம் கொட்டி வீடு பூரா உருண்டு ஓடுது. நான் முட்டி போட்டுப் பொறுக்குறேன். கூடத்துல அவருக்கு வராத கொறட்டைய இழுத்து இழுத்து விடுறாரு. அன்னைக்கு நான் பொறுக்கி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. அப்புறம் வந்து மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ வச்சு ஒவ்வொண்ணா ஒட்டிக்கிட்டே வந்தாரு. ஒண்ணு கொறைஞ்சது. அவரு கைய விரிச்சாரு, அது அவரு உள்ளங்கையில இருக்கு. என் கட்டில் பக்கம் வந்துச்சு, பாவம் வழி தெரியாமன்னாரு. அவ்வளவு சந்தோசமா நாங்க கல்யாணமான புதுசுலகூட இருந்ததில்ல.

பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, சொல்லிராதீங்க. என்னங்கம்மா பொழுதன்னைக்கும் அப்பா கையில கிரீஸுன்னு சத்தம் போடுவா. இப்ப என்கூட வந்துருங்கங்கறா. போகத்தான் போறேன். இந்த வீட்டுல மத்தியானம் ஆச்சுன்னா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

என்ன பாக்குறீங்க? பிரேக்கு ஒயரா? ஆமா, ஒயரு நட்ட விட்டே வெளிய வந்து தொங்குது. அறுந்ததும் இல்ல, தேஞ்சதும் இல்ல. நான் கழட்டுனதுதான். அன்னைக்கும் சாப்ட்டாரு, ஸ்பேனரச் சீட்டுல வச்சாரு, படுத்தாரு. நான் வந்து இந்த முன் பிரேக்கக் கழட்டி விட்டுட்டுப் போயி டீக்குத் தண்ணி வச்சேன். பெல்லு அடிக்கும் அடிக்கும்னு நிக்கிறேன், தண்ணி கொதிச்சு வத்தியே போச்சு. அவரு எந்திரிக்கல.

அதான் கடையில வேண்டாங்கறேன். இத வேற யாரோ எங்கயோ வச்சு முறுக்குறத நெனச்சா மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க அந்த ரெண்டு பிரேக்குக் கட்டையையும் ரிம்மோட சேத்து அமுக்கிப் புடிச்சிக்கங்க, நட்ட நானே முறுக்குறேன். எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லுங்க தம்பி. எனக்குக் கழட்ட மட்டுந்தான் தெரியும்.